செவலை பிழைத்துவிட்டாள்: இரவு பஸ் ஓட்டுநருக்கும் சேலத்துக்கும் எங்கள் நன்றி

சேலத்து மக்களுக்கும் ஏற்காட்டு மலை மக்களுக்கும் வணக்கம்.

சூலை என்னும் குடல்வலியோடு தவித்து, ஏற்காட்டு மலைச் சாலையில் ஏற்றி வந்த வண்டியும் இரவில் நின்றுபோன எங்கள் குதிரை செவலை பிழைத்துவிட்டாள். நேற்றுக் காலை லத்தி போட்டாள். இந்த வாரம் முழுக்க எங்களுக்குப் போன் செய்த அத்தனை பேரும் கேட்டது அந்த ஒரு கேள்வியைத்தான்: "போட்டுச்சா?" போட்டுவிட்டாள். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. தின்றது குடல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். குடல் வேலை செய்யாமல் நின்றுவிட்டால் வயிறு உப்பும், வலி பொறுக்காமல் தரையில் விழுந்து புரளும், குடல் முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிரே போய்விடும். லாயத்துத் தரையில் அந்தப் பச்சை உருண்டைகளைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டார். நானும் அழுதேன். இப்போது கைப்பிடி கைப்பிடியாக அருகம்புல் தின்கிறாள்.

அன்று மலைமேல் என்ன ஆயிற்று, எங்கள் வண்டி எங்கே நின்றது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்களில் பலர் அங்கேயே இருந்தீர்கள். அதைத் திரும்பச் சொல்ல எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. ஒரு மனிதரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் இரவு பஸ்ஸின் ஓட்டுநர் அவர்.

ஏற்காட்டுச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வண்டி நின்றுபோன இடத்திலிருந்து அடிவாரம் நோக்கிச் செவலையைக் கையில் பிடித்து நடத்தித்தான் இறக்க வேண்டியிருந்தது. நடப்பது அவளுக்கு நல்லதுதான். சூலை வந்த குதிரை படுத்துப் புரண்டுவிடாமல் மெதுவாக நடத்துவார்கள். இருட்டும் அவளுக்குப் பயமில்லை. நிலத்தில் வாழும் விலங்குகளில் குதிரைக்குத்தான் மிகப் பெரிய கண்களில் ஒன்று இருக்கிறது. லேசான நிலா வெளிச்சத்திலேயே கல்லும் பள்ளமும் பார்த்துக் கால் வைக்கும். ஆனால் பளீரென்று ஒரு வெளிச்சம் கண்ணில் அடித்துவிட்டால், மறுபடி இருட்டுக்குப் பழக நம்மைவிட அதற்கு அதிக நேரம் பிடிக்கும். ஒவ்வொரு கார் கடந்தபோதும் செவலை கொஞ்ச நேரம் கண் தெரியாமல் நின்றாள். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் இடுப்பளவுகூட இல்லாத சுவர், அதற்கப்பால் பள்ளம். 450 கிலோவுக்கு மேல் எடையுள்ள பிராணி மிரண்டு முன்னங்காலைத் தூக்கினால், கயிறு பிடித்திருக்கும் இரண்டு பேரால் என்ன செய்ய முடியும்?

மேலிருந்து பஸ் இறங்கும் சத்தம் கேட்டபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. வளைவைத் திரும்பி வெளிச்சம் எங்கள்மேல் விழுந்தது. விழுந்த அந்த நொடியே அணைந்தது. பிறகு என்ஜினும் நின்றது. ஹாரன் அடிக்கவில்லை. ஓட்டுநர் இறங்கி வந்தார். நேராகப் பின்னால் வராமல், சாலையின் ஓரமாகச் சுற்றி, செவலை தன்னைப் பார்க்கும்படி பக்கவாட்டில் வந்து நின்றார். குதிரைக்கு வாலுக்கு நேர் பின்னால் எதுவும் தெரியாது. அங்கிருந்து யாராவது வந்தால் மிரண்டு உதைக்கலாம். அவர் நடந்து வந்த விதத்திலேயே, இவருக்குக் குதிரை தெரியும் என்று புரிந்துவிட்டது.

"ஏனுங்கம்மா, முடியலைங்களா அதுக்கு?" என்றார், தாழ்ந்த குரலில்.

சொன்னோம்.

"எங்க தாத்தா ஜங்ஷன்ல ஜட்கா ஓட்டுனவருங்க. கண்ணுல லைட் அடிச்சா அதுக்கு ஒண்ணுமே தெரியாது. நீங்க முன்னாடி போய்க்கிட்டே இருங்க. நாங்க பின்னாடி வர்றோம். ஒரு வண்டியும் எங்களைத் தாண்டாது."

அவர் செய்தது அவ்வளவுதான். பஸ்ஸைச் சாலைக்குக் குறுக்கே ஒரு சுவர்போல வைத்துக்கொண்டு, எங்களுக்கு ஒரு வளைவு பின்னாலேயே, குதிரையின் நடை வேகத்தில் இறங்கினார். ஏன் ஒரு வளைவு பின்னால் என்பது எனக்கு அடுத்த நாள்தான் உறைத்தது. நெருங்கி வந்திருந்தால் பஸ்ஸின் வெளிச்சத்தில் செவலையின் நிழலே அவளுக்கு முன்னால் பூதாகாரமாக விழுந்து அவளை மிரட்டியிருக்கும். அதையும் அவர் யோசித்திருக்கிறார். பின்னால் சேர்ந்த கார்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தபோது, வண்டியை நிறுத்திவிட்டு ஒவ்வொரு காராகப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நடத்துநர் எங்களுக்கு வெகு முன்னால் டார்ச்சைத் தரையைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு நடந்தார். கீழிருந்து ஏறி வந்த வண்டிகளை ஓரம் கட்டச் சொல்லி, விளக்கைக் குறைக்கச் சொல்லி, குதிரை கடந்த பிறகுதான் விட்டார்.

பஸ்ஸுக்குள் இருந்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது. ஜங்ஷனில் ரயில் பிடிக்க வேண்டியவர்கள் இருந்தார்கள். கைக்குழந்தையோடு ஒரு அம்மா இருந்தார். மறுநாள் காலை ஷிஃப்டுக்குப் போக வேண்டிய பிள்ளைகள் இருந்தார்கள். ஒருவரும் குரல் உயர்த்தவில்லை. பட்டர் ஃப்ரூட் கூடையோடு வந்த மலைக்காரப் பாட்டி ஒருவர் கூடையை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கி, எங்களோடு நடந்து வந்தார். வழி முழுக்க "சேர்வராயா, சேர்வராயா" என்று மலைச்சாமியின் பெயரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். மருத்துவரின் வண்டி எதிரே வந்து சேர்ந்த இடத்தில், செவலையின் கழுத்தை ஒரு முறை தடவிக் கொடுத்துவிட்டுப் போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். பாட்டி, நீங்கள் யார், எந்த ஊர் என்றுகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. இதை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டட்டும்.

மறுநாள் ஓட்டுநரைத் தேடிப் போய் என் வீட்டுக்காரர் ஏதோ கொடுக்கப் போனார். அவர் வாங்கவில்லை. "பஸ்ஸுல இருந்தவங்களுக்குச் சொல்லுங்க சார். போனது அவங்க நேரம்" என்றாராம். சொல்கிறேன். அந்த இரவு அந்த பஸ்ஸில் டிக்கெட் எடுத்திருந்த ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஓட்டுநரின் மேலதிகாரிகள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: அன்றைக்கு அந்த பஸ் தாமதமாக வந்ததற்கு முழுக் காரணம் நாங்கள்தான். கணக்கில் எழுதுவதானால் எங்கள் பேரில் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்றிலிருந்து அடிவாரத்தில் எங்கள் லாயத்தைக் கடக்கும்போது அந்த பஸ் வேகம் குறைகிறது. ஜன்னலிலிருந்து யாராவது "நல்லாருக்கா?" என்று கேட்கிறார்கள். நேற்று என் மகள் கேட்டருகே ஓடிப்போய்ச் சத்தமாகப் பதில் சொன்னாள்.

மற்றவர்கள் ஏராளம். நாமக்கல்லிலிருந்து கிளம்பி வந்து, மூக்கு வழியாகக் குழாய் விட்டு லிக்விட் பாராஃபின் ஏற்றி, விடியும்வரை வயிற்றில் காது வைத்துக் குடல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த மருத்துவர். நள்ளிரவில் ஷட்டரைத் தூக்கி மருந்து கொடுத்த மருந்துக்கடைக்காரர். முறை போட்டுக்கொண்டு அவளை நடத்திய கன்னங்குறிச்சிப் பையன்கள். லாடம் கழற்ற விடிகாலையில் வந்த பெரியவர். புல்லுக்கு இந்த வாரம் காசு வாங்க மறுத்துவிட்ட அக்கா. முனியப்பனுக்கு வேண்டிக்கொண்டு திருநீறு கொண்டுவந்து செவலையின் நெற்றியில் பூசிய எதிர்வீட்டு அம்மா. அந்தியூரிலிருந்து மணிக்கொரு முறை போன் செய்து தைரியம் சொன்ன குதிரை வியாபாரிகள். ஆடி மாதம் குருநாதசாமி கோயில் தேர்த்திருவிழாக் குதிரைச் சந்தையில் பார்த்துப் பேசிய பழக்கம் மட்டும்தான் அவர்களோடு எங்களுக்கு.

மீன்கடைக்காரர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. வலி அடங்கிய பிறகு மருத்துவர், "இனிமேல் குளம்பைப் பாருங்கள்" என்றார். சூலைக்குப் பிறகு சில குதிரைகளுக்குக் குளம்பின் உள்திசு வீங்கிவிடும். சுற்றிலும் கெட்டியான ஓடு இருப்பதால் வீக்கத்துக்கு இடம் கிடையாது, எலும்பே இறங்கிப் போகலாம். அவர் சொல்லி முடிப்பதற்குள் என் மனம் 1989க்குப் போய்விட்டது. எங்கள் வீட்டுச் சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் அமெரிக்கப் பந்தயக் குதிரை செக்ரடேரியட்டின் படம் இருக்கிறது. 1973 ஜூனில் பெல்மான்ட் பந்தயத்தில் ஒன்றரை மைலை 2 நிமிடம் 24 விநாடியில் ஓடி, இரண்டாவது வந்த குதிரையை 31 குதிரை நீளம் பின்னால் விட்டவன். அந்த நேரத்தை அங்கே இன்றுவரை எந்தக் குதிரையும் தொடவில்லை. அவனை 1989 அக்டோபரில் கொண்டுபோனது இந்தக் குளம்பு நோய்தான். இதற்குத் தடுப்பு, கால்களை விடாமல் ஐஸில் வைத்திருப்பது. அந்த வேளையில் ஐஸுக்கு எங்கே போவது? பையன்களில் ஒருவன் மீன் மார்க்கெட்டுக்கு ஓடினான். மீன் பெட்டிக்கு வைத்திருந்த ஐஸைக் கொட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் கேட்காமலே வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. செவலையின் நான்கு குளம்பும் இன்று சூடில்லாமல் இருக்கின்றன.

செவலை சாம்பியன் இல்லை. கிண்டியில் ஓடினாள், பெரிய கோப்பை எதுவும் அவள் பெயரில் இல்லை. 1777 முதல் பந்தயம் நடந்த இடம் அது. அங்கே ஓடிய ஆயிரக்கணக்கான குதிரைகளில் நமக்குப் பெயர் தெரிந்தவை எத்தனை? இந்தியப் பந்தயங்களில் 19 ஓட்டத்தில் 18 ஜெயித்த ஸ்க்வாண்டரரை இன்னும் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் பந்தயக் குதிரை என்றால் ஐந்து, ஆறு வயதில் ஓட்டம் முடிந்துவிடும். இருபத்தைந்து வயதுவரைகூட உயிரோடு இருக்கும். மிச்சமுள்ள அந்த நீண்ட வாழ்க்கையில், கொள்ளு, தவிடு, புல் கொடுத்து யாரோ ஒருவர் தினமும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐஸ் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த இரவுகளில் எனக்கு ஞாபகம் வந்துகொண்டே இருந்தவர்கள் சாம்பியன்களின் பக்கத்தில் நின்றவர்கள். ஆஸ்திரேலியர்கள் கொண்டாடும் பந்தயக் குதிரை ஃபார் லாப் 1932 ஏப்ரலில் கலிஃபோர்னியாவில் வலியில் துடித்துச் செத்தபோது கூடவே இருந்தவர் டாமி வுட்காக், அவனைத் தன் பிள்ளையாகப் பார்த்தவர். இங்கிலாந்தின் ரெட் ரம்மை எடுத்துக்கொள்ளுங்கள். குளம்பெலும்பில் நோய் உள்ள குதிரை. அவனை வாங்கிப் பழக்கிய ஜிஞ்சர் மெக்கெய்ன் டாக்சி ஓட்டிப் பிழைத்தவர். பழைய கார் விற்கும் கடைக்குப் பின்னால்தான் லாயம். சவுத்போர்ட் கடற்கரை மணலிலும் உப்புத் தண்ணீரிலும் ஓட வைத்தே அந்தக் காலைத் தேற்றினார். அந்தக் குதிரை 1973, 1974, 1977 என்று மூன்று முறை கிராண்ட் நேஷனல் என்னும் பெரிய தடைதாண்டும் பந்தயத்தை ஜெயித்தது. டாக்சி ஓட்டியவர் கையில்தான் அது நடந்தது. நம் பஸ் ஓட்டுநரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெக்கெய்ன் நினைவுதான்.

நம் பக்கமும் குதிரைக்குப் புதிதில்லை. கொல்லிமலையை ஆண்ட ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். நம் ஊர் முனியப்பன்களுக்கு முன்னால் மண்குதிரைகள் நிற்கின்றன. ஜங்ஷன் வாசலில் ஜட்கா நின்ற காலத்தைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பழக்கம் மூன்றாவது தலைமுறையில் ஒரு பஸ்ஸின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

நாங்கள் இரண்டு முடிவு எடுத்திருக்கிறோம். ஏற்காட்டுச் சாலையில் இனி மாடோ ஆடோ குதிரையோ ஏற்றிய வண்டி எந்த நேரத்தில் நின்றுபோனாலும், அடிவாரத்தில் எங்கள் லாயத்துக்குச் சொல்லியனுப்புங்கள். கயிறு, டார்ச், தண்ணீர்க் குடம், மாற்று வண்டி எல்லாம் தயாராக இருக்கும், நாங்கள் ஏறி வருவோம். அந்த ஓட்டுநர், நடத்துநர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அன்று பஸ்ஸில் இருந்தவர்களின் பிள்ளைகளுக்கும் குதிரையேற்றம் நாங்கள் கற்றுக்கொடுக்கிறோம், காசு வாங்கமாட்டோம்.

செவலையைப் பார்க்க வர வேண்டும் என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வாருங்கள், காலை வெயில் ஏறுவதற்குள். சோறு, வெல்லம், பழத்தோல் எதுவும் இப்போதைக்கு வேண்டாம், குடல் இன்னும் முழுதாகத் தேறவில்லை. கேரட் கொண்டுவரலாம், வட்டமாக நறுக்காமல் நீளவாக்கில் நறுக்கி. வட்டத் துண்டு தொண்டையில் சிக்கும். கொடுக்கும்போது உள்ளங்கையை விரித்துக் கொடுங்கள், பக்கவாட்டிலிருந்து வாருங்கள்.