ஆலோசனைச் சங்கத்தைப் பற்றிப் பிரசங்கிக்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆயர்களுக்கும் அருள்தந்தையருக்கும் உபதேசியார்களுக்கும் பாஸ்கா நாடகக் குழுவினருக்கும்,

பல ஆண்டுகள் ஞாயிறு பள்ளியில் கற்பித்தவன் என்ற ஒரே தகுதியில் இந்த மடலை எழுதுகிறேன். பெரிய வெள்ளிக்கான பிரசங்கக் குறிப்புகளும் நாடக வசனங்களும் தவக்காலத்துக்கு முன்பே தயாராகிவிடுவதால், அவை அச்சேறி ஒத்திகைக்குப் போகுமுன் இது உங்கள் கைக்கு வர வேண்டும் என்று விரும்பினேன். பழைய மொழிபெயர்ப்பில் 'ஆலோசனைச் சங்கம்' என்றும், பொது மொழிபெயர்ப்பில் 'தலைமைச் சங்கம்' என்றும் நாம் வாசிக்கும், யூதர்களின் உயர்ந்த நீதிமன்றமான சனகெதரின் மன்றம் நம் பீடங்களிலும் மேடைகளிலும் எப்படிக் காட்டப்படுகிறது என்பதுதான் பொருள்.

முதலில் ஒரு பட்டியலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இயேசுவின் விசாரணையில் சங்கத்தார் தங்கள் சொந்தச் சட்டத்தையே எத்தனை வகையில் மீறினார்கள் என்று எண்ணிக்கை போட்டுக் காட்டும் பட்டியல் அது. கைப்பிரதியாகவும் பிரசங்கமாகவும் ஆண்டுதோறும் வலம் வருகிறது. மரண தண்டனைக்குரிய வழக்கை இரவில் விசாரித்தது குற்றம், பண்டிகைக்கு முந்திய நாளில் விசாரித்தது குற்றம், அன்றைக்கே தீர்ப்பளித்தது குற்றம் என்று அது நீள்கிறது. இந்த விதிகள் பெரும்பாலும் மிஷ்னா என்னும் யூதச் சட்டத் தொகுப்பின் 'சனகெதரின்' பகுதியிலிருந்து, குறிப்பாக அதன் நான்காம் அதிகாரத்திலிருந்து எடுக்கப்பட்டவை. மிஷ்னாவோ கி.பி. 200-ஐ ஒட்டி, கலிலேயாவில், தலைவர் யூதா என்னும் ரபியின் காலத்தில் தொகுக்கப்பட்டது. எருசலேம் ஆலயம் கி.பி. 70-இலேயே இடிந்துவிட்டது. மேலும், மிஷ்னாவைத் தந்த ரபிகள், அதாவது யூத வேத அறிஞர்கள், பரிசேயர் என்னும் பிரிவினரின் மரபுக்கு வாரிசுகள். பிரதான ஆசாரியனைச் சூழ்ந்திருந்தவர்களோ வேறொரு பிரிவினரான சதுசேயர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 5:17 சொல்கிறது. அந்த விதிகளில் எவை, இயேசுவை விசாரித்த பிரதான ஆசாரியன் காய்பாவின் நாளில் நடைமுறையில் இருந்தன என்று மிஷ்னாவை மட்டும் வைத்து நிறுவ முடியாது. பேரன் காலத்தில் எழுதப்பட்ட சட்டத்தைக் கொண்டு பாட்டனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எந்த நீதியில் சேரும்? ஆண்டு முழுவதும் மிஷ்னாவைத் தொடாத நாம், குற்றம் சாட்ட மட்டும் அதைத் திறக்கிறோம் என்பதும் எனக்கு உறுத்துகிறது.

அந்த அதிகாரங்களைக் குற்றப் பட்டியலுக்காக அல்லாமல் அவற்றுக்காகவே ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பெரிய சங்கத்தில் 71 பேர்: எண்ணாகமம் 11-இல் மோசே கூட்டிய 70 மூப்பர்களும் மோசேயும் சேர்ந்த கணக்கு. உயிர் போகும் வழக்குகளை விசாரிக்கும் சிறிய சங்கத்தில் 23 பேர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்படி, பாதிக் களத்துமேடு போல அவர்கள் அரைவட்டமாக அமர்கிறார்கள். வலப்பக்கமும் இடப்பக்கமும் இரண்டு எழுத்தர்கள் நின்று விடுதலைக்கான வாதங்களையும் தண்டனைக்கான வாதங்களையும் பதிவு செய்கிறார்கள். எதிரே மூன்று வரிசைகளில் மாணாக்கர்கள் உட்காருகிறார்கள். உயிர் வழக்கில் பேச்சு எப்போதும் விடுதலைக்கான வாதத்தில்தான் தொடங்க வேண்டும். பெரியவர் சொல்லிவிட்டாரே என்று சிறியவர் பின்தொடர்ந்துவிடாதபடி, ஓரத்தில் இருப்பவர்களே முதலில் கருத்துச் சொல்கிறார்கள். விடுவிக்க ஒரு வாக்கு மிகுந்தால் போதும், தண்டிக்க இரண்டு மிக வேண்டும். சாட்சிக்காரனை உள்ளே அழைத்து, ஆதாம் ஏன் தனியொருவனாகப் படைக்கப்பட்டான் என்பதை நினைவூட்டி, ஓர் உயிரை அழிப்பவன் ஒரு முழு உலகத்தையே அழித்தவனாக எண்ணப்படுவான் என்று எச்சரிக்கிறார்கள். தீர்ப்புக்குப் பிறகும் வழி அடைபடுவதில்லை. மன்றத்தின் வாசலில் ஒருவன் கையில் துணியோடு நிற்க, தொலைவில், ஆனால் அவன் கண்ணுக்கு எட்டும்படி, ஒரு குதிரைக்காரன் காத்திருக்கிறான். இந்த மனிதனை விடுவிக்க எனக்கொரு வாதம் உண்டு என்று எவராவது சொன்னால், துணி வீசப்படும், குதிரை பாய்ந்து சென்று தண்டனையை நிறுத்தும். குற்றவாளியே அப்படிச் சொன்னாலும், அவன் சொல்லில் பொருள் இருந்தால், நான்கைந்து முறை கூடத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

ஏழாண்டுக்கு ஒருமுறை ஒருவனைக் கொல்லும் சங்கம் நாசகாரச் சங்கம் என்று மிஷ்னாவின் மக்கோத் என்னும் பகுதி சொல்கிறது. எழுபது ஆண்டுக்கு ஒருமுறை என்றாலும் அப்படித்தான் என்கிறார் ரபி எலெயாசர் பென் அசரியா. நாங்கள் இருந்திருந்தால் எவருமே கொல்லப்பட்டிருக்க மாட்டார்கள் என்கிறார்கள் ரபிகள் தர்போனும் அகிவாவும். அப்படியானால் நாட்டில் கொலைகாரர்களைப் பெருகச் செய்திருப்பார்கள் என்று கமாலியேலின் மகன் சிமியோன் மறுக்கிறார். மரண தண்டனையைப் பற்றி நாம் இன்றும் வாதாடும் இரண்டு பக்கங்களும் அங்கே அருகருகே எழுதப்பட்டிருக்கின்றன.

இது ஓரளவு கனவு மன்றம் என்பதை நான் மறைக்கவில்லை. அதிகாரம் கைவிட்டுப் போன பிறகு, நீதிமன்றம் எப்படி இருக்க வேண்டும் என்று அறிஞர்கள் வரைந்த ஓவியமும் அதில் கலந்திருக்கிறது. யோசேப்பு என்னும் யூத வரலாற்றாசிரியர் காட்டும் சங்கம் வேறு: அரசர்களுக்கும் ரோமருக்கும் இடையில் நசுங்கிய சங்கம். கி.மு. 57-இல் சிரியாவின் ரோம ஆளுநர் கபினியு யூத நாட்டை ஐந்து சங்கங்களாகப் பிரித்தார். இளைஞனான ஏரோது, விசாரணையின்றிக் கலிலேயாவில் ஆட்களைக் கொன்றதற்காகச் சங்கத்தின்முன் அழைக்கப்பட்டபோது, செந்நீல ஆடையும் ஆயுதக் காவலுமாக வந்து நின்றான். ஒருவரைத் தவிர எவரும் வாய் திறக்கவில்லை. காய்பாவின் காலத்தில் பிரதான ஆசாரியர்களை அமர்த்தியதும் நீக்கியதும் ரோம ஆளுநர்களே. காய்பாவை அமர்த்தியவர் வலேரியு கிராத்து, நீக்கியவர் வித்தெல்லியு. பிரதான ஆசாரியனின் திருவுடைகளைக்கூட ரோமர் அந்தோனியா கோட்டையில் பூட்டி வைத்திருந்தார்கள். பண்டிகைக்குப் பண்டிகை கேட்டு வாங்கி உடுத்த வேண்டும். 'ரோமர் வந்து நம் இடத்தையும் ஜனத்தையும் அழித்துப்போடுவார்கள்' என்று யோவான் 11-இல் சங்கத்தார் அஞ்சுவதை இந்தப் பின்னணியோடு பிரசங்கித்தால், அந்த அச்சம் நடிப்பாகத் தோன்றாது.

காய்பாவின் மீதுள்ள பொறுப்பை நற்செய்திகள் மறைப்பதில்லை. நீங்களும் மறைக்க வேண்டும் என்று கேட்கவில்லை. ஆனால் மாற்கும் மத்தேயுவும் இரவு விசாரணையைச் சொல்ல, லூக்கா விடியற்காலைக் கூட்டத்தை மட்டுமே சொல்கிறார். யோவானோ கைதுக்குப் பிறகு முழுச் சங்கம் கூடியதாகவே சொல்லாமல், இயேசுவைக் காய்பாவின் மாமனார் அன்னாவிடமிருந்து காய்பாவிடமும் அங்கிருந்து ரோம ஆளுநர் பிலாத்துவிடமும் கொண்டுபோகிறார். சிலுவை ரோமரின் தண்டனை. மிஷ்னா கூறும் நான்கு மரண தண்டனைகளில் அது இல்லை. நாடகத்தில் பிலாத்து கை கழுவும் காட்சிக்கு உருக்கமான இசையும், சங்கக் காட்சிக்கு இடிமுழக்கமும் ஒதுக்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

சங்கத்துக்குள் இருந்த எதிர்க்குரல்களும் வேதத்திலேயே இருக்கின்றன. ஒருவனைக் கேட்டறியாமல் நம் சட்டம் தீர்ப்பளிக்குமா என்று நிக்கொதேமு கேட்கிறார். சங்கத்திலிருந்த பரிசேயர் கமாலியேலின் சொல்லால் அப்போஸ்தலர் அடி வாங்கியதோடு தப்பினார்கள், உயிர் போகவில்லை. பவுலைக் குறித்து, இவனிடத்தில் ஒரு பொல்லாங்கையும் காணோம் என்று வாதிட்டவர்கள் பரிசேயரைச் சேர்ந்த வேதபாரகர். வேதத்துக்கு வெளியேயும் ஒன்று உண்டு. கி.பி. 62-இல், ரோம ஆளுநர் பெஸ்து இறந்து, அடுத்தவரான அல்பீனு வந்து சேராத இடைவெளியில், அன்னாவின் மகனான பிரதான ஆசாரியன் அனனு சங்கத்தைக் கூட்டி, இயேசுவின் சகோதரர் யாக்கோபைக் கல்லெறிந்து கொல்ல ஒப்புக்கொடுத்தான். அதை எதிர்த்து முறையிட்டவர்கள் எருசலேமின் யூதர்களே, அதுவும் சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தவர்கள் என்று யோசேப்பு எழுதுகிறார். பதவியேற்ற மூன்றே மாதத்தில் அனனு அதை இழந்தான். இதை ஒரு பெரிய வெள்ளிப் பிரசங்கத்தில்கூட நான் கேட்டதில்லை.

பாடுகளின்போது நடந்தவற்றை அன்று வாழ்ந்த யூதர் அனைவர் மீதும், இன்றைய யூதர் மீதும் சுமத்தக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிக்கையாகவே வெளியிட்டது. ஐரோப்பாவில் புனித வாரம் யூதர்கள் கதவைத் தாழிட்டு அஞ்சியிருந்த வாரமாகப் பல நூற்றாண்டுகள் இருந்தது. நம் ஊர்களில் அப்படி நடக்கவில்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். உண்மைதான், ஆனால் நம் மக்களில் பெரும்பாலோர் ஒரு யூதரை நேரில் கண்டதே இல்லை, ஆகவே மேடையில் ஒட்டுத்தாடியோடு உறுமும் முகமே அவர்கள் அறிந்த யூத முகம்.

நாடகக் குழுவினருக்கு ஒரு சிறிய வேண்டுகோள். உங்கள் மேடையில் அரிமத்தியா யோசேப்பு, உடலைச் சிலுவையிலிருந்து இறக்கும் காட்சியில்தான் முதன்முதலாகத் தலைகாட்டுகிறார். அவர் சங்கத்தின் உறுப்பினர் என்றும், அவர்களுடைய முடிவுக்கு உடன்படாதவர் என்றும் லூக்கா தெளிவாகச் சொல்கிறார். இந்த ஆண்டு அவரைச் சங்கக் காட்சியிலேயே உட்கார வையுங்கள். வசனம் எழுத நேரமில்லையென்றால் வேண்டாம். மற்றவர்கள் கை உயர்த்தும்போது அவருடைய கை மடியிலேயே இருக்கட்டும்.

இங்ஙனம்,
ஞாயிறு பள்ளியின் முன்னாள் ஆசிரியன்