ஜெர்மனி விசா: நீ கேட்டதற்குப் பதில்

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி.

டூரிஸ்ட் விசாவில் வந்து, வேலை கிடைத்ததும் இங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்று ஆபீஸில் யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறாய். நமக்கு அது நடக்காது. அமெரிக்க, ஜப்பானிய பாஸ்போர்ட்காரர்கள் விசா இல்லாமல் இறங்கி இங்கேயே விண்ணப்பிக்கலாம். அந்தக் கதைதான் சுற்றி உன் காதுக்கு வந்திருக்கும். இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசாவில் (ஐரோப்பாவுக்கான குறுகிய கால விசா) 90 நாள்தான். வேலை ஆர்டர் கையில் இருந்தாலும் ஊருக்குத் திரும்பி 'டி' விசா, அதாவது நீண்ட காலம் தங்கும் விசா, எடுத்துத்தான் வரவேண்டும்.

உனக்கு வழி இரண்டு. வேலை முதலில் கிடைத்தால் புளூ கார்டு, அதாவது பட்டதாரிகளுக்கான வேலை அனுமதி. 2025 கணக்குப்படி ஆண்டுச் சம்பளம் 48,300 யூரோ வேண்டும்; ஜனவரிதோறும் இது மாறும். மனைவி ஜெர்மன் தேர்வு எழுதாமலே உன்னோடு வரலாம். பி1 ஜெர்மன் இருந்தால் 21 மாதத்தில் நிரந்தர அனுமதி, ஏ1 மட்டும் இருந்தால் 27 மாதம் (மொழித் தேர்வின் படிகள் இவை: ஏ1 ஆரம்பம், பிறகு ஏ2, பி1 என்று சி2 வரை).

வேலை இல்லாமல் தேடி வருவதற்கு சான்சென்கார்டே, அதாவது புள்ளிக் கணக்கில் தரும் வேலை தேடும் அனுமதி. 2024 ஜூனில் வந்தது, குறைந்தது 6 புள்ளி வேண்டும். உன் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்: கடந்த 7 ஆண்டில் 5 ஆண்டு அக்கவுண்ட்ஸ் அனுபவத்துக்கு 3, வயது 36 என்பதால் 1, ஆங்கிலம் சி1 இருந்தால் 1. மொத்தம் 5. அந்த ஒன்றுக்காக ஏ2 ஜெர்மன் எழுதிவிடு. பிளாக்டு அக்கவுண்டில் (பணத்தை முன்கூட்டியே போட்டு, மாதாமாதம் மட்டும் எடுக்கும் வங்கிக் கணக்கு) மாதம் 1,091 யூரோ வீதம் ஓராண்டுக்கு 13,092 காட்டவேண்டும் (இதுவும் 2025 கணக்கு). தேடும் காலத்தில் வாரம் 20 மணிநேரம்தான் வேலை. ஓராண்டுக்குள் தகுந்த வேலை அமையாவிட்டால் கிளம்பவேண்டியதுதான். அதனால் ஊரிலிருந்தே நாலு மாதம் விண்ணப்பித்துப் பார், பிறகு இதற்கு வா என்பேன்.

எதற்கும் முன்னால் 'அனபின்' தளத்தைத் திற; வெளிநாட்டுப் பட்டங்களுக்கு ஜெர்மனியில் என்ன மதிப்பு என்று காட்டும் தளம் அது. கல்லூரியின் பெயரைத் தேடாதே, அங்கே பெரும்பாலும் கிடைக்காது; பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தைத் தேடு. பக்கத்தில் 'எச் பிளஸ்' (அங்கீகரிக்கப்பட்டது என்ற குறி) இருக்கிறதா, பி.காம் வரியில் என்ன மதிப்பீடு என்று பார்த்து இரண்டையும் பிரிண்ட் எடுத்துக்கொள். சந்தேகம் இருந்தால் 208 யூரோ கட்டி, உன் பட்டம் எந்த ஜெர்மன் பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் ஒப்பீட்டுச் சான்று வாங்கவேண்டும். நம் ஊர்த் தலைவலி ஒன்றும் உண்டு: மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. இரண்டும் ஒரே ஆள்தான் என்று அஃபிடவிட் போட்டு வை.

வீடு பார்க்கும்போதே, முகவரிப் பதிவுக்குக் கையெழுத்துப் போடுவாரா என்று ஓனரைக் கேட்டுவிடு. குடியேறி இரண்டு வாரத்துக்குள் அன்மெல்டுங், அதாவது அந்த முகவரிப் பதிவு, செய்யவேண்டும்; ஓனரின் படிவம் இல்லாமல் அது நடக்காது. குறுகிய கால அறைகளில் பலர் மறுத்துவிடுவார்கள். பிறகு வெளிநாட்டவர் அலுவலகத்தில் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கவேண்டும். பெரிய நகரங்களில் அப்பாயிண்ட்மெண்ட் மாதக்கணக்கில் இழுக்கும், ஆனால் விசா முடியும் முன் விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டால் நீ சட்டப்படிதான் இருக்கிறாய். இடைக்காலத் தாள் ஒன்று தருவார்கள். அதில் தங்கும் உரிமைச் சட்டத்தின் 81-ஆம் பிரிவின் 4-ஆவது உட்பிரிவில் டிக் இருந்தால் ஊருக்குப் போய்த் திரும்பலாம். 3-ஆவதில் இருந்தால் டிக்கெட் போடாதே.

டிகிரி சர்ட்டிபிகேட்டை இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து அனுப்பு, அனபின் வரியை நானும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்