காந்தாரத்தை விட்டுவிட்ட கிட்டார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'தி போலீஸ்' என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் கிட்டாரிஸ்ட் ஆண்டி சம்மர்ஸுக்கு ஒரே வரிதான். அதிலும் 'பங்க் அலையில் (எழுபதுகளின் முரட்டு ராக் பாணி) வந்த இளைஞர்' என்றிருக்கிறது. 1942-இல் பிறந்தவர் அவர். 1977-இல் குழுவில் சேரும்போது வயது 34. ஸூட் மணி குழு, சாஃப்ட் மெஷின், எரிக் பர்டனின் அனிமல்ஸ் என்று ஒரு சுற்று வந்து, கலிஃபோர்னியாவில் கிளாசிக்கல் கிட்டாரும் படித்து முடித்திருந்தார்.

அந்தப் படிப்பு கையில் தெரியும். அவர் வாசித்தது 'எளிய மேஜர், மைனர் கார்டுகள்' (பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பது கார்டு) என்று அந்தக் கட்டுரையில் எழுதியவர் 'மெசேஜ் இன் எ பாட்டில்' பாட்டின் முதல் கார்டைப் பிடித்துப் பார்க்கட்டும்: ஐந்தாம் ஸ்ட்ரிங்கில் 4-ஆம் ஃப்ரெட் (கழுத்தில் விரல் வைக்கும் கட்டம்), நான்காம் ஸ்ட்ரிங்கில் 6, மூன்றாம் ஸ்ட்ரிங்கில் 8. நம் கணக்கில் ச, ப, மேல் ஸ்தாயி ரி. காந்தாரமே (க) கிடையாது! மேஜரா மைனரா என்று முடிவு செய்கிற ஸ்வரத்தைக் கிட்டார் தொடுவதில்லை; அது பாடுபவரிடம் போய்விடுகிறது. மூன்றே பேர் வாசித்தும் பாட்டு விரிந்து கேட்பதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

1983-இல் வந்த 'எவ்ரி பிரெத் யூ டேக்' பாட்டுக்குக் குழுவின் பாடகர் ஸ்டிங் கொண்டுவந்த மாதிரிப் பதிவில் ஆர்கன்தான் இருந்தது. அந்த இடத்தில் வந்தது சம்மர்ஸின் கிட்டார். ஆறாம் ஸ்ட்ரிங்கிலிருந்து மூன்றாம் ஸ்ட்ரிங் வரை ஃப்ரெட் 5, 7, 9, 6. விரல்கள் முறையே ஆட்காட்டி, மோதிரம், சுண்டு, நடு. இங்கே காந்தாரம் உண்டு, ஆனால் ரிஷபத்தை (ரி) ஒட்டியே. பி-யும் (ரி) சி ஷார்ப்பும் (க) அடுத்தடுத்த ஸ்ட்ரிங்கில் உரசுவதுதான் அந்தப் பாட்டின் அரிப்பு. ஒரே விரலால் எல்லா ஸ்ட்ரிங்கையும் அழுத்தும் சாதாரண ஏ பார் கார்டைப் பிடித்துக்கொண்டு 'சத்தம் வரலையே' என்றால் எப்படி வரும்? வலது உள்ளங்கை பிரிட்ஜின் (ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் கட்டை) விளிம்பிலேயே இருக்க வேண்டும். அரை அங்குலம் முன்னே நகர்ந்தால் ஸ்வரம் செத்துவிடும், பின்னே போனால் கணகணக்கும். கட்டைவிரல் கழுத்தின் மேலே எட்டிப் பார்த்தால் சுண்டுவிரல் 9-ஐத் தொடாது.

பெடல் (ஒலியை மாற்றும் கருவிகள்) விஷயம்: எலெக்ட்ரிக் மிஸ்ட்ரஸ் ஃபிளாஞ்சர், எக்கோபிளெக்ஸ், கம்ப்ரெஸர் எல்லாம் வைத்திருந்தார். ஆனால் டிஸ்டார்ஷனை (ஒலியின் கரகரப்பை) ஏற்றிவிட்டு இந்தக் கார்டுகளை வாசித்தால் ரிஷபம் குழம்பிச் சேறாகும்.

படக்குறிப்பு அவர் கிட்டாரைச் 'சாதாரண டெலிகாஸ்டர்' (ஃபெண்டர் நிறுவன மாடல்) என்கிறது. கழுத்துப் பக்கம் இருப்பது கிப்ஸன் நிறுவனத்தின் ஹம்பக்கர் (ஒலி வாங்கும் பிக்கப்). உள்ளே ஓவர்டிரைவுக்குத் (ஒலியைக் கரகரப்பாக்க) தனி பிரீஆம்ப் (ஒலியைப் பெருக்கும் சுற்று) வேறு. அதையும் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கிட்டார் ஆசிரியர்,
கோவை