கறிவேப்பிலைக்கு மருந்து அடிக்கவில்லை

தண்டையார்பேட்டை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செந்திலுக்கு,

நாங்கள் நலம். மருமகளும் பாப்பாவும் எப்படி இருக்கிறார்கள்? நைனாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது, கவலைப்படாதே. போனில் சொன்னால் அவர் பக்கத்திலிருந்து குறுக்கே பேசுவார், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ சன்ஷேடுக்குக் கீழே மாட்டிவிட்டுப் போன பெட்டியில் சிட்டுக்குருவி குஞ்சு பொரித்துவிட்டது. உள்ளே மெத்தை முழுக்க என் பூந்துடைப்பத்திலிருந்து உருவியதுதான். ஓட்டை ஒண்ணேகால் அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்று ஆசாரியிடம் அடம்பிடித்தாயே, நல்லவேளை. மைனா ஒன்று தலையை விட்டுப் பார்த்தது, உடம்பு நுழையவில்லை, திட்டிக்கொண்டே போனது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு காக்காவுக்குப் பஞ்சமா? ஓட்டைக்குக் கீழே நீ குச்சி வைக்காததால் அதற்கு உட்கார இடமில்லை.

கம்பு வாங்கி வைக்கச் சொன்னாய், வைத்தேன். பெரியவை தின்கின்றன. குஞ்சுகளுக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் புழு பூச்சிதான். கறிவேப்பிலையில் பச்சையாகப் புழு வருமே, அதில் ஒன்றைக் கவ்விவந்த பெட்டைக்குருவி, சுவர் விளிம்பில் அதை அடித்துத் துவைத்தது. புழு துவண்ட பிறகுதான் உள்ளே போனது. வெளியே வரும்போது அலகில் வெள்ளையாக ஒரு சின்னப் பொட்டலம். என்னடா என்று பார்த்தால் குஞ்சின் எச்சம்! சவ்வுக்குள் கட்டினாற்போல் வருகிறது, தூரக் கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறது. உன் துணியைத் துவைத்த காலத்தில் எனக்கு இந்த வசதி இல்லை.

இலையெல்லாம் ஓட்டை என்று நைனா மருந்து வாங்கிவந்தார். எடுத்து ஒளித்துவைத்துவிட்டேன். சாம்பாருக்கு என்ன பண்ணுவாய் என்றார். காய் வாங்கினால் கறிவேப்பிலை கொசுறாகக் கிடைக்கும், புழு எந்தக் கடையில் கிடைக்கும் என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. இப்போது அவரேதான் காலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காக்கா விரட்டுகிறார்.

தொண்டையில் கறுப்பு இருக்கிறதே, அந்த ஆண் குருவியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பெட்டை ஒரு நடை போனால் அதுவும் ஒரு நடை. பிறந்து இரண்டு வாரம் போலக் கூட்டில் இருந்துவிட்டு வெளியே வந்த பிறகும் குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு பின்னாலேயே அலையுமாம். அப்போது ஊட்டுவது பெரும்பாலும் ஆண்தான், பெட்டை அடுத்த ஈட்டு முட்டைக்குத் தயாராகிவிடும் என்று எதிர்வீட்டு டீச்சர் சொன்னார். போன வாரம் மருமகள் போனில் பேசும்போது குரலே இல்லை. ராத்திரி பாப்பா அழுதால் நீ எழுந்திருக்கிறாயா? குத்திக்காட்டுகிறேன் என்று நினைக்காதே. நினைத்தாலும் சரி, எழுந்திரு.

அப்புறம், பெட்டியின் மூடியில் நாலு ஸ்குரூ போட்டு இறுக்கி வைத்திருக்கிறாய். குருவிகள் முழுக்கக் காலி செய்த பிறகு பழைய குப்பையை எடுக்க வேண்டும். நைனாவை ஏணியில் ஏற விடமாட்டேன். பொங்கலுக்கு வரும்போது ஸ்குரூ டிரைவரோடு வா. பாப்பாவுக்கு இங்கே ஸ்வெட்டர் தேவைப்படாது, மூட்டை கட்டாதே.

அன்புடன்,
அம்மா