கொக்கி தாங்கும், வண்டி தாங்குமா?

அன்புள்ள முருகேசா,

பேத்திக்குப் பல் முளைத்த செய்தியைக் கமலா இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். அவள் முழங்கால் தேறிவிட்டது. காலையில் என்னோடு நடக்க வருகிறாள்.

கொலராடோ பயணத்துக்கு ஜீப்பை மூடிய டிரெய்லரில் ஏற்றி உன் மோட்டார் ஹோமின், அந்த வீட்டு வண்டியின், பின்னால் இழுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வண்டியின் பின்னால் டிரெய்லரை மாட்டும் கொக்கியில் 7,500 பவுண்டு என்று பொறித்திருக்கிறது, டிரெய்லர் 7,000தானே என்கிறாய். மூன்று வருடங்களுக்கு முன் நானும் இதே கணக்கோடுதான் கிளம்பினேன். கான்சாஸில் பக்கக் காற்று அடித்தபோது ஸ்டீயரிங் கையில் பஞ்சாகிவிட்டது. கமலா அன்று இரவு வரை பேசவில்லை.

டிரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தைக் கொக்கியின்மேல் சாய்க்க வேண்டும், குறைந்தால் வாலாட்டும். அதாவது 700 பவுண்டையாவது உன் வண்டி சுமக்கிறது. உன் ஃபோர்டு ஈ-450இன் கதவோரத் தகட்டைப் பார், வண்டியின் உச்ச எடை 14,500. நீ அனுப்பிய எடைச் சீட்டில் ஏற்கெனவே 13,900! அதோடு 700 சேர்ந்தால் 14,600 ஆகிவிடும். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 22,000 என்ற வரம்புக்குள் அடங்குகிறது, கொக்கியும் தாங்குகிறது. வண்டிதான் தாங்கவில்லை. அந்த எடை தண்ணீர் நிரப்பிய பிறகு எடுத்ததா? 40 காலன் தண்ணீரே 330 பவுண்டுக்கு மேல்.

நம் ஊரில் கிணற்றில் நீர் இறைக்கும் ஏற்றத்தை நினைத்துக்கொள். ஒரு முனை தாழ்ந்தால் மறுமுனை எழும். உன் கொக்கி பின் அச்சுக்கு 9 அடி பின்னால் இருக்கிறது. இரண்டு அச்சுகளுக்கும் இடையே 18 அடி. அங்கே 700 பவுண்டு தொங்கினால் முன் சக்கரங்களில் 350 குறையும், பின் அச்சில் 1,050 கூடும். என் ஸ்டீயரிங் லேசானதும் இதனால்தான்.

கொலராடோ மலைச்சாலையில் வரும் ஐசன்ஹவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேலே இருக்கிறது. ஏறும்போது என்ஜின் திணறும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் நூறு அடிக்கு ஏழு அடி வரை சரியும் அந்த இறக்கத்தில், பேத்தியை வைத்துக்கொண்டு, பிரேக் சூடேறி நீ தவிப்பதை என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை.

டிரெய்லரை வீட்டிலேயே விடு. ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸை, அதாவது விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டியை, நியூட்ரலில் போட்டு, நான்கு சக்கரங்களும் தரையில் உருள இழுத்துப் போ. கொக்கியின்மேல் பாரமே இருக்காது. ஜீப்புக்குத் தனி பிரேக் இணைப்பை மட்டும் தவறாமல் போட்டுவிடு.

கிளம்பும் நாளில் எல்லோரையும் ஏற்றி, தொட்டியை நிரப்பி, நெடுஞ்சாலை லாரி நிறுத்தத்தில் எடை போடு. முன் அச்சு, பின் அச்சு, இழுவை என்று தனித்தனியாகத் தருவார்கள். சீட்டைப் படம் எடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொன்ன பிறகு புறப்படு.

அன்புடன்,
சேகர்