பத்தாம் வகுப்போடு நின்றுபோகும் பெண்பிள்ளைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும்போதெல்லாம் மாணவர்களைவிட மாணவியரே அதிகம் தேர்ச்சி பெற்றதாகப் படிக்கிறோம். அரசுப் பள்ளியில் நெடுங்காலம் கணக்குப் பாடம் நடத்திய எனக்கும் அதில் பெருமைதான். ஆனால், தேர்ச்சி பெறாத பெண்பிள்ளைகள் அன்று வீட்டு வாசலுக்கே வருவதில்லை என்பதையும், எங்கள் வேடசந்தூர் வட்டாரத்தில் அவர்களில் சிலர் அடுத்த சில வாரங்களிலேயே மில் வண்டியில் ஏறிவிடுகிறார்கள் என்பதையும் கண்ணால் கண்டவள் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இப்பிள்ளைகளின் படிப்பு தேர்வன்று நின்றதாக நான் கருதவில்லை. எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில், பல நேரம் பூப்பெய்தி விடுப்பில் இருந்துவிட்டுத் திரும்பிய பிறகு, கடைசி வரிசைக்குப் போய் வாய் திறக்காமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். அடக்கமான பிள்ளை என்று நாங்களும் பாராட்டிவிடுகிறோம். அந்தத் தவற்றை நானும் செய்திருக்கிறேன்.

"எனக்குக் கணக்கே வராது டீச்சர்" என்று தலைகுனிந்து நிற்கும் மாணவி ஒருத்தியின் பையில் ஒருநாள் நீளமான பேரேடு ஒன்றைப் பார்த்தேன். அது அவளுடைய தாயாரின் மகளிர் குழுக் கணக்கு. பன்னிரண்டு பேரின் சந்தா, கடன், அசல், நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி என எல்லாமே அவள் கையெழுத்தில், ஓர் அடித்தல்கூட இல்லாமல் இருந்தன. வகுப்பில் வட்டிக் கணக்கைத் தொடாமலே விட்டு வந்தவள் அவள். அந்தப் பேரேட்டை வைத்தே அவளுக்குப் பாடம் நடத்தினேன். பொதுத்தேர்வில் முதல்முறை தவறினாள். வீட்டுக்குப் போய்ப் பேசி விண்ணப்பிக்க வைத்ததும் துணைத்தேர்வில் தேறினாள்.

2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டம் மாதம் ரூ.1,000 தந்து எத்தனையோ பெண்களைக் கல்லூரியில் நிலைக்க வைத்திருக்கிறது. எனினும், உயர்கல்வியில் சேர்ந்த பிறகுதான் அந்தப் பணம் கைக்கு வரும். பதினான்கு வயதில் மனம் விட்டுப்போன பிள்ளையை அதுவரை கைப்பிடித்துக் கூட்டிச்செல்ல ஓர் ஆள் வேண்டும். ஆகவே, ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியிலும் ஓர் ஆசிரியைக்குப் பாடவேளையைக் குறைத்து, எட்டாம் வகுப்பு முதலே இப்பிள்ளைகளிடம் வாரந்தோறும் தனித்தனியே பேசும் பொறுப்பை ஒப்படைக்கக் கோருகிறேன்.

வெல்டர் போன்ற சில ஐ.டி.ஐ. பிரிவுகளில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும் என்பது பல தாய்மார்களுக்குத் தெரியாது. சொன்னாலும் நம்புவதில்லை. மகளையும் தாயையும் சேர்த்தே அழைத்துப்போய்ப் பட்டறையைக் காட்ட வேண்டும். அதே ஊரிலிருந்து படித்து வேலைக்குப் போன பழைய மாணவி ஒருத்தி அவர்களிடம் பேசினால் இன்னும் நல்லது.

துணைத்தேர்வில் தேறினால் அதே ஆண்டில் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்துவிடலாம். ஆனால், அதற்கு விண்ணப்பிக்கக் கிடைப்பதோ சில நாட்கள்தான். எந்த ஆசிரியை எந்த வீட்டுக்குச் செல்வது என்பதைத் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே பள்ளிக்கல்வித் துறை முடிவு செய்து வைத்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
வேடசந்தூர், திண்டுக்கல் மாவட்டம்.