ஞாயிறு மாலை பிடிதுணி பின்னலாம், வாங்க!

அனைவருக்கும் வணக்கம்.

வரும் ஞாயிறு, 14-ஆம் தேதி மாலை 4 மணிக்கு, பி பிளாக் மாடி ஹாலில் பின்னல் வகுப்பு. முதல் வகுப்பு என்பதால் அடுப்படிக்கு ஆகிற எளிய பொருள்: சூடான பாத்திரம் இறக்கும் பிடிதுணி.

கொண்டு வர வேண்டியவை:

1. 4 மி.மீ. பின்னல் ஊசி ஒரு ஜோடி.
2. பருத்தி நூல், 50 கிராம் உருண்டை இரண்டு. வீட்டில் மிஞ்சிய உல்லன் நூல் வேண்டாம். கடையில் "உல்லன்" என்று தருவதில் பெரும்பாலும் அக்ரிலிக்தான், சூடு பட்டால் உருகும். போன வருஷம் என் குக்கர் மூடியில் ஒட்டிக்கொண்டதை இன்னும் சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.
3. கத்தரிக்கோல், மொண்ணை முனைத் தையல் ஊசி.

ஊசியில் 40 கண்ணி (நூல் வளையம்) ஏற்றினால் ஏறக்குறைய ஒரு சாண் அகலம் வரும். எல்லா வரிசையும் நேர்ப் பின்னல்தான், ஓரம் சுருளாது. இரட்டை நீளம் பின்னி மடித்துத் தைப்போம், ஒற்றை அடுக்கு என்றால் கையைச் சுடும். அப்புறம், ஈரத் துணியால் ஒருபோதும் சூடான பாத்திரம் பிடிக்காதீர்கள், சூடு சட்டென்று ஏறிவிடும்.

ஒரே மாலையில் முடியாது. பாதியை வீட்டில் சீரியல் பார்த்துக்கொண்டே முடிக்கலாம்.

4. வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயர், பிளாட் எண் போடுங்கள்.
5. ஊசி இல்லாதவர்கள் "ஊசி வேண்டும்" என்று சேர்த்து எழுதுங்கள். என்னிடம் கூடுதலாக 5 ஜோடி இருக்கிறது.

ஆண்களும் வரலாம். கட்டை விரல் மட்டும் காட்டாமல் பதில் எழுதுங்கள், ப்ளீஸ்.